வகை: தெரியாதது

போன வருஷத்து அக்டோபரை இனியும் தள்ளிப்போட முடியாது. ஆகஸ்டு முடிந்தது, செப்டம்பர் முடிந்தது, நவம்பரையும் டிசம்பரையும்கூட முந்திக்கொண்டு முடித்து வைத்துவிட்டேன். போன வாரம் ஹேமா மேடம் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "என்ன பிலோமி, அக்டோபர மட்டும் தாண்டிக் குதிச்சிட்ட?" என்று கேட்டார். அந்தக் கோப்பு பெரிசு மேடம், ஓட நேரமாகும் என்றேன். எல்லாக் கோப்பும் ஒரே பெரிசுதான். அவருக்கும் அது தெரியும், நாசூக்கான மனுஷி, தலையை ஆட்டிவிட்டுப் போனார். இன்றைக்கு அந்த நாசூக்கும் தீர்ந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குள் வருஷம் முழுக்க வேண்டும் என்று காலையிலேயே சொல்லிவிட்டார். ஆக, கறுப்புத் திரை, அதில் துடித்துக்கொண்டு நிற்கும் ஒற்றை வெள்ளைக் கோடு, நான். தொட்டுத் தொட்டு நகர்த்த இங்கே படம் ஒன்றும் கிடையாது. கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்டி, கடைசியில் என்டரைத் தட்ட வேண்டும். தட்ட வேண்டும், தட்ட வேண்டும், இந்தச் சொல்லிலேயே ஏன் வந்து நிற்கிறேன், வேறு சொல் இல்லையா. ஊருக்கு எதிரே இருக்கிற தீவை அடுத்து, பவளப் பாரை ஒட்டி, ஐந்து பாகம், முப்பதடி ஆழத்தில் எங்கள் பெட்டி கிடக்கிறது. கடலுக்குள் கேட்பதையெல்லாம் இரவு பகலாக வாங்கி வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் இறங்கி எடுத்து வருவார்கள். ஆவுளியா குரல் கொடுக்கிறதா, எப்போது, எத்தனை தடவை, அதுதான் எங்கள் வேலை. கடல்பசு என்று அறிக்கையில் எழுதுவோம், எங்கள் ஊரில் ஆவுளியா. பெட்டி கேட்ட ஒவ்வொரு ஒலியையும் இயந்திரம் ஒரு வரியாக்கிவிடும்: தேதி, நேரம், சுருதி, உரப்பு, வகை. ஆவுளியா, மீன், இறால், மழை, படகு. இந்த ஐந்திலும் அடங்காததற்கு 'தெரியாதது' என்று பேர் கொடுக்கும். அந்த மட்டில் நம்மைவிட நேர்மையான இயந்திரம். லட்சக்கணக்கான வரிகள். அவற்றைச் சலிக்கிற கட்டளைக்கு நாங்கள் வைத்த பேர் சல்லடை. படகும் தெரியாததும் குப்பை, வெளியே. மிச்சம் ஹேமா மேடத்துக்கு. இதில் பயப்பட என்ன இருக்கிறது? ஒரு வருஷமாக இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு நவம்பரைச் சலித்தேன், டிசம்பரைச் சலித்தேன்.

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். கொழுந்தன் லூர்து கூப்பிடுவான். கல் வெட்டுகிறவர் இன்றைக்கு வருகிறார், தேதி சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் பெயர் வெட்டியாயிற்றாம்: கஸ்பார் மொத்தா. பிறந்த தேதியும் வெட்டியாயிற்றாம். அடுத்த தேதிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறாராம், நான் வாய் திறக்க வேண்டுமாம். ஆண்டுப் பூசை அடுத்த வாரம். ஆள் கிடைக்காத குழிக்கு ஒரு கல். நான் ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு வருஷமாக ஒத்துக்கொள்ளவில்லை. அக்கரையில் இலங்கைக்காரர்கள் பிடித்து வைத்திருப்பார்கள், பேரை மாற்றி எழுதியிருப்பார்கள், ஒரு நாள் விடுவார்கள் என்று சொல்லிச் சொல்லி, கேட்கிறவர்கள் முகம் மாறுவதைப் பார்த்துப் பார்த்து, இப்போது வெளியே சொல்வதை நிறுத்தியிருக்கிறேன், அவ்வளவுதான். போன அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கடலுக்குப் போனார். கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல், அதனால் தனியாக. சாயங்காலம் காற்று திடீரென்று வாடைக்குத் திரும்பி, கரையில் காய்ந்த வலையெல்லாம் புரண்டது. ராத்திரி வரவில்லை. சனிக்கிழமை ஊரே படகெடுத்துப் போய்த் தேடியது. நீரோட்டம் தெற்கே என்று எல்லோரும் தெற்கே போனார்கள். லூர்து மட்டும் தீவுப் பக்கமும் ஒரு சுற்று போய்வந்தான். "ஒண்ணும் இல்ல மதினி, சாயங்காலம் நாலு மணி வாக்குல பாருக்குக் கிட்டயே போனேன், அலையடிச்சுது, ஒண்ணும் தெரியல" என்று இதுவரை நூறு தடவை சொல்லியிருப்பான். கேட்காதபோதும் சொல்வான். சோறு போட்டால் சொல்வான். இருட்டினதும் எல்லாப் படகும் திரும்பிவிட்டன, விடிந்ததும் மறுபடி போவது என்று பேச்சு. மாமி அன்றைக்கு முழுக்க வீட்டில் ஒரு சத்தம் விடவில்லை. லூர்துவின் பிள்ளைகளை வெளியே துரத்தினாள். தொலைக்காட்சியின் வயரைப் பிடுங்கினாள். பக்கத்து வீட்டில் மசாலா இடிக்கிறார்கள் என்று சுவரில் அறைந்து, "சத்தம் காட்டாதிய! சத்தம் காட்டாதிய!" என்றாள். ராத்திரி ஃபேனையும் நிறுத்திவிட்டாள். அந்தப் புழுக்கத்தில் நாங்கள் எல்லோரும் வேர்த்து ஒழுகிக்கொண்டு கிடந்தோம், பெற்ற மனசு பேதலித்துவிட்டது என்று யாரோ என் காதில் சொன்னார்கள். விடியற்காலையில் அவள் முதல் பூசைக்குப் போனாள். திரும்பி வந்தாள். படகில் டீசல் ஊற்றிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "போயிட்டான். இனி யாரும் தேடிப் போவண்டாம்" என்றாள். அழவில்லை. உள்ளே வந்து ஃபேன் சுவிட்சைப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு படகும் போகவில்லை. பெத்தவளே சொன்ன பிறகு யார் போவார்கள். அந்தச் சுவிட்சின் டிக் சத்தத்தை நான் மன்னிக்கவில்லை. ஒரு நாள் கூடத் தேடியிருந்தால், ஒரே ஒரு நாள், என்று எத்தனை ராத்திரி அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். கல்லில் ஞாயிற்றுக்கிழமைத் தேதி போடச் சொல்கிறாள் இப்போது. லூர்து வெள்ளி என்கிறான், கடல் எடுத்த நாள்தானே நாள் என்று. ஆளே எங்கே என்று தெரியவில்லை, தேதிக்குச் சண்டை.

சரி, தட்டு. கட்டளையின் பேர், கோப்பின் பேர், விலக்க வேண்டிய இரண்டு சொல். என்டர். விரல் சில்லென்றிருக்கிறது, ஏசியைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். ஆறடி தள்ளி முத்துக்குமரேசன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன் பாட்டுக்குத் தலையாட்டுகிறான், டீ ஆறுகிறது, மேலே ஆடை. வரிகள் ஓடத் தொடங்கிவிட்டன. படகு படகு படகு படகு. என்ன இது, படகுதானே வரக்கூடாது. படகு படகு தெரியாதது படகு. ஒரு நொடி புரியவில்லை, பிறகு கட்டளையைத் திரும்பப் படித்தேன். அந்த எழுத்து. கட்டளைக்கு நடுவில் ஒரு கோடும் ஒரு 'வி'யும் போட வேண்டும். போட்டால் இந்தச் சொல் உள்ள வரிகளை விலக்கு என்று பொருள். மறந்தால் இந்தச் சொல் உள்ள வரிகளை மட்டும் கொடு என்று பொருள். குப்பையை வெளியே போடச் சொன்னேன் என்று நினைத்தேன், குப்பையை என் மடியில் கொட்டச் சொல்லியிருக்கிறேன். பதினோரு மாதக் கோப்புகளில் ஒருநாளும் செய்யாத தப்பு. ஓடுவதை நிறுத்த இரண்டு விசை போதும், கன்ட்ரோல், சி. கை அங்கே போகவில்லை. தானாக ஓடி முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஓடி முடிந்ததும் மூடிவிடலாம், யாரும் பார்க்கவில்லை. ஓடி முடிந்தது. மூடவில்லை. மேலே தள்ளினேன். தேதியைத் தேடவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு தேதியைத் தேடினேன். வியாழன். வெள்ளி. வெள்ளி மத்தியானம் வரை படகு, படகு, வந்தது போனது. பிறகு படகே இல்லை, காற்றுக்கு எல்லோரும் கரையேறியிருப்பார்கள். அதற்கப்புறம் வரிசையாக ஒரே சொல். தெரியாதது. தெரியாதது. தெரியாதது. பக்கம் பக்கமாக.

அலை பாரில் மோதுவதாக இருக்கும். கயிறு அறுந்த மிதவை எதிலோ இடிப்பதாக இருக்கும், ஜூலையில் அப்படி ஒன்று வந்தது, இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். அலைக்கு ஒழுங்கு கிடையாது. நேரத்தைப் பார், நேரத்தை மட்டும் பார். ஒரு வரி, அடுத்த நொடியிலேயே இன்னொரு வரி. பிறகு மூன்று நொடி ஒன்றுமில்லை. பிறகு ஒரு வரி. பிறகு கொஞ்சம் ஓய்வு. மறுபடி இரண்டு சேர்த்து, விட்டு, ஒன்று. இரண்டு சேர்த்து, விட்டு, ஒன்று. வேண்டாம். இரண்டு சேர்த்து, விட்டு, ஒன்று. வலையை வளைத்துப் போட்டுவிட்டு மீனை விரட்டத் துடுப்பால் படகின் பக்கத்தில் தட்டுவார்கள், ஆளுக்கு ஒரு தட்டு உண்டு. இவர் தட்டு இது. கல்யாணமான புதிதில் ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார், நான் சிரித்தேன், "என்ன, மீனுக்குத் தாளம் போடுறியளா?" என்றேன். "மீனுக்கில்லட்டி, பக்கத்துப் படகுக்காரனுக்கு. நான் இங்கதான் கிடக்கேன்னு அவனுக்குத் தெரியணும்லா" என்றார். விடியுமுன் வந்து நிற்கும்போது கதவையும் அப்படித்தான் தட்டுவார், இரண்டு சேர்த்து, விட்டு, ஒன்று. நான் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவே வேண்டாம், கால் தானாகப் போய்த் திறக்கும். இப்போதும் காற்றுக்குக் கதவு ஆடினால் என் கால் போகிறது. எனக்கு அழுகை வரவில்லை. ஒரு பைத்தியக்காரச் சந்தோஷம்தான் முதலில் வந்தது, இருந்திருக்கிறார், வெள்ளிக்கிழமை கடல் எடுத்துவிடவில்லை, கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு பாருக்குப் பக்கத்திலேயே, எங்கள் பெட்டியின் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறார், துடுப்பு கையில் இருந்ததோ, இல்லை கைமுட்டியால்தானோ. கைமுட்டி என்று நினைத்தபோது சந்தோஷம் போய்விட்டது. கடலடியில் எங்கள் பெட்டி ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டு கிடந்தது. கேட்டு எண்ணி எழுதி, தெரியாதது என்று பேர் வைத்தது. நாங்கள் வீட்டில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தோம்.

கீழே தள்ளு. வெள்ளி ராத்திரி பூராவும். சனி. சனிக்கிழமை காலை பத்தரையை ஒட்டி ஒரு படகு. தூரத்தில் தொடங்கி உரப்பு ஏறி ஏறி, ரொம்பக் கிட்டே. அந்த இரைச்சலுக்குள்ளும் நடுநடுவே தெரியாதது. ஒழுங்கு கெட்டு, இரண்டு ஒன்று என்றெல்லாம் இல்லாமல், சடசடவென்று, மூச்சுவிடாமல். பிறகு உரப்பு இறங்குகிறது. படகு போய்விட்டது. சடசட கொஞ்ச நேரம் நிற்கவில்லை. அதற்கப்புறம் ரொம்ப நேரத்துக்கு ஒன்றுமே இல்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். முத்துக்குமரேசன் திரும்பிப் பார்த்தான், இருமினேன். யாருடைய படகு? பத்தரைக்கு லூர்து தெற்கே போயிருந்தான், எல்லோரோடும் போயிருந்தான், அவன் தீவுப் பக்கம் வந்தது சாயங்காலம். அப்பாடா, லூர்து இல்லை. வேறு யாரோ, வெளியூர்க்காரன் எவனோ, அவனுக்கு என்ன தெரியும், அவனைத் திட்டிக்கொள்ளலாம், முகம் தெரியாதவனைத் திட்டுவதில் கஷ்டமில்லை. மறுபடி தொடங்குகிறது. இரண்டு, விட்டு, ஒன்று. இடைவெளி நீண்டுகொண்டே போகிறது. சில இடத்தில் இரண்டு மட்டும் இருக்கிறது, அந்த ஒன்று இல்லை. பிறகு ஒன்று மட்டும். கடைசி வரி சனிக்கிழமை ராத்திரி பன்னிரண்டாக இருபது நிமிஷம் இருக்கும்போது. அதற்குக் கீழே தெரியாதது இல்லை, ஞாயிறு மத்தியானம் வரை எதுவுமே இல்லை. சனிக்கிழமையா. லூர்து வெள்ளி என்கிறான், மாமி ஞாயிறு என்கிறாள், நீங்களோ அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்துகொண்டு சனிக்கிழமை என்கிறீர்கள், எப்போதும் இப்படித்தான், வீட்டில் எந்த வழக்கு வந்தாலும் நடுவில். சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிறேனே என்று பயமும் வந்தது. ஆனாலும் மனசு என்னவோ ஓரிடத்தில் இடறிக்கொண்டே இருக்கிறது, செருப்பில் மணல் போல. பத்தரை. அன்றைக்குக் காலை பத்தரைக்கு ஊரில் ஒரு படகு பாக்கியில்லாமல் தெற்கே போயிருந்ததே. பத்தரை. இந்த நேரம் சலித்த நேரம். சலித்து மட்டும்தான் இருக்கிறேன். இரண்டாவது கட்டளை இன்னும் போடவில்லை.

பெட்டியின் கடிகாரம் நம் நேரத்தில் ஓடாது, கிரீன்விச் நேரத்தில் ஓடும். உலகத்துப் பெட்டியெல்லாம் அப்படித்தான். சலித்து முடித்த பிறகு ஒவ்வொரு வரியிலும் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும், அதுதான் இரண்டாவது கட்டளை, தூக்கத்தில்கூடத் தட்டுவேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே நான்தான் சொல்லிக்கொடுப்பேன், கூட்டாவிட்டால் ஆவுளியா நட்டநடு வெயிலில் பாடுகிறதாக அறிக்கை போய்விடும் என்று. தட்டாமலே இருந்துவிடலாமா. கூட்டாத நேரத்தில் லூர்து இல்லை. கூட்டாத நேரத்தில் அது யாரோ ஒரு வெளியூர்க்காரன். கணக்குப் போட கட்டளை எதற்கு, மனசே போட்டுவிட்டது. பத்தரையும் ஐந்தரையும் சாயங்காலம் நாலு. நாலு மணி வாக்குல பாருக்குக் கிட்டயே போனேன் மதினி, அலையடிச்சுது. கேட்டிருக்க முடியாது லூர்து, உன் இன்ஜின் உன் காதுக்குள் இரைந்துகொண்டிருந்திருக்கும், உனக்கு முதுகுப்பக்கமாக அலைக்கு நடுவில் ஒரு தலை, நீ அண்ணனைத் தேடித்தான் வந்தாய். கேட்டிருக்க முடியாது. இருந்தும் கட்டளையைத் தட்டினேன், அரைகுறையாக எதையும் விட்டுப் பழக்கமில்லை. கடைசி வரி சனிக்கிழமையிலிருந்து நகர்ந்து ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டது. ஞாயிறு, விடியற்காலை ஐந்து மணி கடந்து பத்து நிமிஷம். முதல் பூசைக்கு இரண்டாம் மணி அடிக்கிற நேரம். மாமி அப்போது கோயில் படியில் ஏறிக்கொண்டிருப்பாள். பூசை முடிந்து வந்துதான் அதைச் சொன்னாள், வந்துதான் ஃபேனைப் போட்டாள். படகில் டீசல் ஊற்றினவர்கள் போயிருந்தாலும், நான் ஒரு வருஷமாகக் கேட்ட அந்த ஒரு நாளை அவள் கொடுத்திருந்தாலும், அந்த ஒரு நாளில் ஒன்றும் இருந்திருக்காது. அவள் எதையும் நிறுத்தவில்லை. அது தானாக நின்ற பிறகுதான் சொன்னாள். எப்படித் தெரியும் அவளுக்கு? நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு படுத்திருந்த ராத்திரிகளில் அவள் முகம் எப்படி இருந்தது? என்னால் நினைவுபடுத்த முடியவில்லை, ஒருநாளும் அந்தப் பக்கம் போய்ப் பார்த்ததில்லை.

கைப்பேசி மேஜையில் அதிர்ந்தது. முத்துக்குமரேசன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அக்கா, போன்" என்றான். எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன். லூர்து.

"மதினி, கல்லு வெட்டுறவரு வந்து நிக்காரு. கோவப்படாதிய. ஒரு தேதி சொல்லுங்க. அம்மா அதே பல்லவிதான், ஞாயிறுங்காவ. நான் வெள்ளியே போட்ரச் சொல்லவா?"

வெள்ளி என்று சொன்னால் போதும். கடல் எடுத்த நாள். சனிக்கிழமை என்று ஒன்று நடக்கவே இல்லை, நாலு மணி என்று ஒன்று இல்லை, அவன் நிம்மதியாகச் சோறு தின்பான். மாமி மட்டும் மறுபடி புத்தி பேதலித்தவளாவாள், கல்லிலும் ஆவாள், அந்தக் கல் இருக்கிறவரைக்கும்.

"ஞாயித்துக்கிழமையே போடச் சொல்லு" என்றேன்.

அவனுக்குப் பின்னால் ஃபேன் ஓடுகிற சத்தம்.

"நீங்களா மதினி சொல்லுதிய? ஞாயிறுன்னா… அப்ப சனிக்கிழமை நான் போயிருந்தப்ப அண்ணன்…"

"நீ போனப்ப அங்க ஒண்ணும் இல்லன்னுதான லூர்து சொன்ன? இல்லதான். நீரோட்டம் எங்கயோ இழுத்துட்டுப் போயிருக்கும், ரொம்பத் தூரம். பெத்தவங்க ஒரு தேதி கேக்காவ, கொடுத்துட்டுப் போவோமே. எனக்கும் சண்டை போட்டு அலுத்துப்போச்சு." என் குரல் எனக்கே நம்புகிறமாதிரி இருந்தது. படகு, வெளியே. தெரியாதது, வெளியே.

"சரி மதினி" என்றான். அழுகிறானோ என்று நினைத்தேன், மூக்கை உறிஞ்சினான். "இந்தா, அம்மா கேக்காவ, பேசுங்க."

மாமி கைப்பேசியை வாங்கிக்கொண்டு நடந்தாள். ஃபேன் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து நின்றது, வாசலுக்கு வந்துவிட்டாள், கடல் கேட்டது. இந்த ஒரு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சோறு, தண்ணி, சாவி என்பதற்கு மேல் பேசியதில்லை.

"பிலோமி" என்றாள். ரகசியம் பேசுகிற குரல். "உனக்கும் கேட்டுச்சாட்டி?"

படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு அவள் பிடுங்கிய வயரும், அறைந்த சுவரும், நிறுத்திய ஃபேனும், எங்கள் வேர்வையும். சத்தம் காட்டாதிய.

"கேட்டுச்சு மாமி."

பிறகு அவள் வாயைக் கைப்பேசிக்கு இன்னும் கிட்டே கொண்டுவந்தாள்போல, மூச்சு காதில் இரைந்தது.

"லூர்துட்ட சொல்லிறாத" என்றாள்.

"சொல்லமாட்டேன் மாமி" என்றேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். டீ ஆறிப்போயிருந்தது. கட்டளையை முதலிலிருந்து தட்டினேன், இந்தத் தடவை கோட்டையும் அந்த ஒற்றை எழுத்தையும் மறக்கவில்லை.